ஒரு தோட்டாவுக்கு ஒரு கை

[திரையில்: பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம், பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

1890-களின் கடைசி. கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த எட்மண்ட் மோரலுக்குக் கணக்கு உதைத்தது. ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்து இங்கே வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருக்கின்றன. திரும்பிப் போகும் கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்தான். அப்படியென்றால் ரப்பருக்கு என்ன விலை கொடுக்கிறார்கள்? எதுவும் இல்லை. அடித்துப் பிடுங்குகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காங்கோ 1885 முதல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. மனிதர் ஒரு நாள்கூட அங்கே கால் வைத்ததில்லை!

[திரையில்: காட்டுக்கொடி, அதில் வடியும் பால்]

1888-இல் டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். அப்புறம் ரப்பருக்கு ஏகக் கிராக்கி. தோட்டம் போட்டால் மரம் வளர வருஷக்கணக்கில் ஆகும் (மலாயாவில் நம் ஆட்களை வைத்து வளர்த்தது அந்த மரத்தைத்தான்). காங்கோ காட்டிலோ ரப்பர் கொடி தானாகவே கிடந்தது. ஏறி வெட்ட ஆள்தான் வேண்டும். பாலைக் கையிலும் மார்பிலும் பூசிக் காயவிட்டு உரிப்பார்கள். ரோமத்தோடு பிய்ந்து வரும். கூடை எடை குறையக் கூடாது. ஆண்கள் காட்டிலிருந்து திரும்பும்வரை மனைவிமார் பிணைக்கைதிகள்.

மறுத்த ஊர்களுக்குப் படை போனது. சிப்பாய்கள் தோட்டாவை வேட்டைக்குச் செலவழித்துவிடுவார்களோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதனால் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கை கொண்டுவர வேண்டும் என்றார்கள். கை அழுகாமலிருக்கப் புகை போட்டு வைத்தார்கள். குரங்கைச் சுட்டவன் கணக்கை நேர்செய்ய உயிரோடிருப்பவர் கையை வெட்டினான்.

[திரையில்: 1904, ன்சாலாவின் படம். இசை வேண்டாம்]

திண்ணையில் உட்கார்ந்து எதையோ பார்க்கிறாரே, அவர் ன்சாலா. அவர் முன்னே கிடப்பவை அவருடைய சின்ன மகளின் கையும் பாதமும். மிஷனரி ஆலிஸ் ஹாரிஸ் எடுத்த படம் இது. ஊர் ஊராகத் திரையில் காட்டினார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கையும் வந்தது.

1908-இல் பெல்ஜிய அரசு காங்கோவை எடுத்துக்கொண்டது. சும்மா இல்லை: மன்னர் செய்த 'தியாகத்துக்காக' 5 கோடி பிராங்க் கொடுத்தது. கட்டாய வேலை அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

கைமாறுவதற்கு முன், ஆகஸ்ட் மாதம், மன்னரின் உதவியாளர் ஒருவர் காங்கோ அலுவலகத்துக்குப் போனார். அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய் மேல் உட்கார்ந்தவர், சுட்டுத் துள்ளி எழுந்தார். கோடையில் ஏன் அடுப்பு எரிகிறது? காவலாளி மன்னிப்புக் கேட்டார். ஆவணங்களை எரிக்கிறார்களாம்.

எட்டு நாள் எரிந்தது.