கர்லிங் கல்லும் நம்ம கணக்கு நோட்டும்

(மதுரைல ஒரு மகளிர் த்ரோபால் குழுவோட ஆண்டு விழால பேசுனது. போன்ல ரெக்கார்ட் பண்ணதக் கேட்டு அப்படியே டைப் பண்ணிருக்கேன், பேச்சு பேச்சாவேதான் இருக்கும்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? கேக்கலைன்னா கையத் தூக்குங்க. தம்பி, அந்த ஃபேன மட்டும் கொஞ்சம் கொறைச்சு விடுப்பா, இந்தம்மா பேப்பர் பூரா பறக்குது.

செகரட்டரி அக்கா என்னையக் கூப்டும்போது "பெண்களும் விளையாட்டும்"னு அரை மணி நேரம் பேசிருங்கன்னு சொன்னாங்க. அந்தத் தலைப்புல நீங்க கேக்காத பேச்சா, வேலுநாச்சியார்ல ஆரம்பிச்சு ஒலிம்பிக்ல வந்து நிப்பாட்டி, கைதட்டு வாங்கிட்டு, பொன்னாடையும் வாங்கிட்டுப் போயிருவாங்க. நான் இன்னைக்கு வேற ஒண்ணு பேசப்போறேன். கர்லிங். ஐஸ் மேல கல்லத் தள்ளி விடுற விளையாட்டு. சிரிக்கிறீங்க, எனக்குத் தெரியும். வெளிய தார் ரோட்டுல செருப்பு ஒட்டுற வெயில்ல இருந்துக்கிட்டு ஐஸ் விளையாட்டு எதுக்குடின்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுங்க, எனக்கு அந்த விளையாட்ட விட அத விளையாடுற பொம்பளைங்க வருசத்துக்கு ஒருதடவ கூடி உக்காந்து என்ன பண்றாங்கங்கிறதுதான் முக்கியம், ஆனா விளையாட்டு என்னான்னு தெரியாம அதச் சொன்னா புரியாது.

என் மக கனடால வின்னிபெக்ல இருக்கா. பனிக்காலத்துல மைனஸ் முப்பதுக்குப் போகும், வீட்ட விட்டு வெளிய வர முடியாது. அப்ப அந்த ஊர் ஜனம் எங்க போகுதுன்னா கர்லிங் கிளப்புக்குத்தான். ஒரு நீளமான ஷெட்டு, உள்ள ஐஸ் தரை, ஒவ்வொரு பாதையும் நாப்பத்தஞ்சு மீட்டர் நீளம், அஞ்சு மீட்டருக்குள்ள அகலம். ஒரு டீமுக்கு நாலு பேரு, ஆளுக்கு ரெண்டு கல்லு, ரெண்டு டீமுக்கும் சேத்து ஒரு ரவுண்டுக்கு பதினாறு கல்லு. இந்த முனைல இருந்து தள்ளி விட்டா அந்த முனைல ஒரு பெரிய வட்டம் வரைஞ்சிருக்கும், அதோட நடுவுக்கு யார் கல்லு கிட்ட இருக்கோ அந்த டீமுக்கு மட்டும் பாயிண்ட், இன்னொரு டீமுக்கு அந்த ரவுண்டுல சைபர்தான். கல்லுன்னா சும்மா இல்ல, கிரானைட்டு, 17 கிலோவுக்கு மேல 20 கிலோவுக்குள்ள. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வெயிட்டு, அதுல சலுகை கெடையாது. ஒலிம்பிக்ல போடுற கல்லெல்லாம் ஸ்காட்லாந்து பக்கத்துல அய்ல்சா கிரெய்க்னு ஆளே குடியிருக்காத ஒரு குட்டித் தீவு, அங்க எடுக்குற பாறைல செதுக்குறது.

ஐஸ வழவழன்னு விட மாட்டாங்க. ஆட்டத்துக்கு முன்னாடி ஒருத்தரு முதுகுல தண்ணி டேங்க மாட்டிக்கிட்டு, நாம வாசத் தெளிக்கிற மாதிரி சொட்டுச் சொட்டா தெளிச்சிட்டே போவாரு, அந்தச் சொட்டு அப்படியே உறைஞ்சு புள்ளி புள்ளியா நிக்கும், கல்லு அந்தப் புள்ளி மேலதான் ஓடும். அப்புறம் கல்லுக்கு முன்னாடி ரெண்டு பேரு பிரஷ்ஷ வச்சு தேய்ச்சுக்கிட்டே ஓடுவாங்க, தேய்க்கத் தேய்க்க ஐஸ் லேசா சூடாகி கல்லு இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளையுறதும் கொறையும். என் வீட்டுக்காரரு இத டிவில பாத்துட்டு "பொம்பளைங்கள அங்கயும் பெருக்கத்தான் விட்டுருக்காங்களா"ன்னாரு. ஆம்பளை டீம்லயும் ஆம்பளைங்கதான் பெருக்குறாங்க, நீங்க இங்க எப்ப ஆரம்பிக்கிறீங்கன்னு கேட்டேன், பேச்சு அதோட நின்னுபோச்சு.

ஒரு சின்ன விசயம் சொல்றேன், வீட்டுக்குப் போயி பண்ணிப் பாருங்க. ஒரு டம்ளர மேசைல கவுத்து வச்சு வலது பக்கமாச் சுத்தித் தள்ளி விடுங்க. அது எடது பக்கமா வளையும். கர்லிங் கல்ல அதே மாதிரி வலது பக்கமாச் சுத்தி விட்டா வலது பக்கமேதான் வளையும். ஏன் நேர் எதிரா வளையுதுன்னு விஞ்ஞானிங்க இன்னும் சண்ட போட்டுட்டு இருக்காங்க. அத அவங்க பாத்துக்கட்டும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இந்த விளையாட்டு ஸ்காட்லாந்துல 1500கள்லயே இருந்திருக்கு. பெரிய சங்கம் வச்சது 1838ல, எடின்பரோவுல, எல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைங்களுக்குன்னு தனி கிளப்பு 1894ல கனடால மாண்ட்ரீல்ல வந்துச்சு, அடுத்த வருசமே ஸ்காட்லாந்துலயும் ஒண்ணு. பாருங்க, ஆடத் தெரியாமயா அம்புட்டு வருசம் இருந்திருப்பாங்க, ஆடத்தான் விடல. கனடால ஆம்பளைங்களுக்கு தேசியப் போட்டி 1927லயே ஆரம்பிச்சாச்சு. பொம்பளைங்களுக்கு எப்ப தெரியுமா, 1961. அதுவும் யாரும் கூப்ட்டுக் குடுக்கல, 1960ல அவங்களே ஒரு தேசிய சங்கம் ஆரம்பிச்சாங்க, மறு வருசம் போட்டி நடந்துருச்சு. அமெரிக்கால இன்னும் அழகு. 1947லயே பொம்பளைங்க கிளப்பெல்லாம் சேந்து ஒரு சங்கம் வச்சிட்டாங்க. ஆம்பளைங்க தேசிய சாம்பியன்ஷிப் 1957ல, பொம்பளைங்களோடது 1977ல. ரெண்டு வருசத்துல, 1979ல, ஸ்காட்லாந்துல பெர்த்துங்கிற ஊர்ல பொம்பளைங்களுக்கு முதல் உலகப் போட்டி. ஒலிம்பிக்ல பொம்பளைங்க கர்லிங்குக்கு மெடல் குடுக்க ஆரம்பிச்சது 1998ல ஜப்பான்ல நாகானோல, அப்ப ஆம்பளைங்களுக்கும் கூடவே குடுத்தாங்க. 1947ல அமெரிக்காப் பொம்பளைங்க சங்கம் வச்சு அம்பது வருசம் கழிச்சுதான் ஒலிம்பிக்ல மெடலுன்னே ஒண்ணு வந்துச்சு. எல்லா ஊர்லயும் மொதல்ல சங்கம், அதுக்கு அப்புறந்தான் கப்பு. நம்ம ஊர்ல தலைகீழா நடக்குது, கப்பு வாங்குனா சங்கம் ஆரம்பிக்கலாம்ங்கிறோம்.

வின்னிபெக்ல மக என்னைய ஒரு லேடீஸ் கர்லிங் கூட்டத்துக்கு, அதான் அவங்க ஆண்டுக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனா. நான் என்னமோ ஏதோன்னு பட்டுச்சேல கட்டிக்கிட்டுப் போனேன், அங்க எல்லாரும் ஸ்வெட்டரும் ஜீன்ஸுமா உக்காந்துருக்காங்க. மேடை இல்ல. சீஃப் கெஸ்ட் இல்ல. நாலஞ்சு நீள மேசை, ஆளுக்கு ஒரு பாத்திரம் வீட்டுல சமைச்சுக் கொண்டாந்து வரிசையா வச்சிருந்தாங்க, நம்ம ஊரு கூட்டாஞ்சோறுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐஸ் தரை காலியாக் கெடக்கு.

சாப்பாடு முடியுறதுக்குள்ள ஒரு அம்மா எந்திரிச்சாங்க, எழுவது வயசு இருக்கும், போன வருசக் கூட்டத்துல என்ன பேசுனோம்னு மினிட்ஸ் நோட்ட எடுத்து வாசிச்சாங்க. அதுல தப்பு இருக்கான்னு கேட்டாங்க. ஒருத்தி இருக்குன்னா! ஒரு பேரு விட்டுப்போச்சாம், உடனே பேனாவ எடுத்துச் சேத்தாங்க. அடுத்து பொருளாளரு. சந்தா இவ்வளவு வந்துச்சு, ஐஸுக்கு வாடகை இவ்வளவு, கிச்சன்ல லாபம் இவ்வளவு, ராஃபிள்ல இவ்வளவு. ராஃபிள்னா டிக்கெட் வித்து குலுக்கல், வந்த காசுல பாதி ஜெயிச்சவங்களுக்கு, பாதி கிளப்புக்கு. கோப்பைல பேரு செதுக்குன கூலி வரைக்கும் வாசிச்சாங்க. ஒரு சின்னப் பொண்ணு, காலேஜ் படிக்கிற வயசுதான், ஸ்டூடண்ட்டுக்கு ஏன் முழுச் சந்தான்னு எந்திரிச்சுக் கேட்டா. யாரும் அவள மொறைக்கல. பத்து நிமிசம் அங்கிட்டும் இங்கிட்டும் பேசுனாங்க, கையத் தூக்கச் சொன்னாங்க, சந்தா பாதியாயிருச்சு. நான் அங்க உக்காந்து பாத்துட்டே இருக்கேன், எனக்கு சாப்பாடே எறங்கல. நாம இத்தன விழா நடத்திருக்கோம், என்னைக்காவது ஒரு தங்கச்சி எந்திரிச்சு சந்தாவப் பத்திக் கேட்டுருக்காளா? கேட்டா அவள அடுத்த வாட்டி டீம்ல வச்சுக்குவமா?

அப்புறம் தேர்தல். தலைவி பதவி ஒருத்தர்கிட்டயே இருக்கக்கூடாதாம், முடிஞ்சா எறங்கிறணும், எறங்குனவங்க அடுத்த வருசம் கிச்சன்ல நிப்பாங்க. அந்த வருசம் எறந்துபோன உறுப்பினருங்க பேர வாசிச்சாங்க, எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. அம்புட்டும் முடிஞ்சு கடைசிலதான் பரிசு, அது அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது.

அவங்க வச்சிருக்க இன்னொரு பழக்கம் சொல்லணும். மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் ஒரே மேசைல உக்காரணும், ஜெயிச்ச டீம் தோத்த டீமுக்கு மொதல்ல குடிக்க ஏதாவது வாங்கிக் குடுக்கணும். ஓடிட்டு இருக்க கல்லுல நம்ம பிரஷ் பட்டுருச்சுன்னா நாமளே பட்டுருச்சுன்னு சொல்லிறணும். கிளப் ஆட்டத்துல அம்பயரே கெடையாது. நம்ம த்ரோபால்ல லைன் மேல பட்டுச்சா படலையான்னு போன மாசம் நடந்த சண்டைய நான் இங்க சொல்லல, சம்பந்தப்பட்டவங்க முன்வரிசைல உக்காந்துருக்காங்க. (சிரிப்பு)

மெடல் வாங்கிட்டா எல்லாம் சரியாயிருமான்னா, தென்கொரியாவப் பாருங்க. உய்சொங்னு ஒரு ஊரு, பூண்டுக்குப் பேர் போன ஊரு, 2006ல அங்க ஒரு கர்லிங் ஹால் கட்டுனாங்க. அந்த ஊர் ஸ்கூல் பொண்ணுங்க ஆட ஆரம்பிச்சு, 2018 ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கிட்டாங்க. கேப்டன் கிம் உன்-ஜங் கண்ணாடி போட்ட பொண்ணு, "யங்-மீ! யங்-மீ!"ன்னு தேய்க்கிற தோழியக் கத்திக் கூப்டுவா, அது நாடு பூரா பேமஸ் ஆயிருச்சு, ஜனம் அவங்களுக்கு பூண்டுப் பொண்ணுங்கன்னே பேரு வச்சுச்சு. அதே வருசம் நவம்பர்ல அந்தப் பொண்ணுங்க வெளிய வந்து சொல்றாங்க, எங்க டீம நடத்துறவங்க எங்களக் கேவலமாத் திட்டுறாங்க, நாங்க ஜெயிச்ச பரிசுப் பணம் எங்க போச்சுன்னே எங்களுக்குத் தெரியலன்னு. அரசாங்கம் விசாரிச்சுச்சு, சொன்னது நெசம்னு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, உலகமே கைதட்டுன டீமு, அவங்க கணக்கு நோட்டு மட்டும் அவங்க கைல இல்ல. வேற டீமா இருந்தா அதோட முடிஞ்சிருக்கும். இவங்க விடல, 2022ல உலக சாம்பியன்ஷிப்ல திரும்ப வெள்ளி.

கணக்கெல்லாம் படிச்சவங்க வேலைன்னு இங்க யாராவது நெனச்சா, நம்ம அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவ நெனச்சுக்கங்க. கூலி வேல பாத்தவங்க, பள்ளிக்கூடம் போகாதவங்க, களஞ்சியம் குழுவுல பொம்பளைங்களச் சேத்து சேமிப்பு, கடன், வட்டின்னு எல்லாத்தையும் அவங்களே நடத்துனாங்க. பிரதமர் வாஜ்பாய் விருது குடுக்கும்போது அவங்க கால்ல விழுந்தாரு, 2019ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. நம்மள்ல பாதிப் பேரு இன்னைக்கும் ஏதாவது ஒரு குழுவுல வாரா வாரம் கணக்குப் பாக்குறோம். அங்க பத்து ரூவா கொறைஞ்சா விட மாட்டோம், விளையாட்டுக் குழுன்னு வந்தா மட்டும் "யாராச்சும் அண்ணன் பாத்துக்குவாரு"ன்னு விட்டுர்றோம். எந்த அண்ணன்னு கேக்காதீங்க, எல்லா ஊர்லயும் ஒருத்தரு இருக்காரு.

ஒரு அக்கா மொதல்லயே காதுல கேட்டாங்க, இத நாம ஆட முடியுமான்னு. ஐஸ் நமக்கு ஆகாது, கரண்ட் பில்லே கொன்னுரும். ஆனா சாதாரண ஹால் தரைல ஆடுறதுக்கு அடில சின்னச் சக்கரம் வச்ச லேசான கல்லு வந்துருக்கு, ஷட்டில் கோர்ட்டுலயே போடலாம். முட்டி வலிக்காரங்க குனிய வேணாம், நின்னுக்கிட்டே குச்சியால தள்ளலாம், ஐஸ்லயே வயசானவங்க அப்படித்தான் ஆடுறாங்க. வீல்சேர்ல இருக்கவங்களும் ஆடுறாங்க, பாராலிம்பிக்ல 2006ல இருந்து இருக்கு. வெயில் நாடுன்னு சாக்கும் சொல்ல முடியாது, 2025ல ஹார்பின்ல நடந்த ஆசிய குளிர்கால விளையாட்டுல ஆம்பளைங்க கர்லிங் தங்கம் வாங்குனது பிலிப்பைன்ஸ், பைனல்ல தோத்தது தென்கொரியா. பிலிப்பைன்ஸ்ல பனியே பெய்யாது.

த்ரோபால் ஆட முடியாமப் போயி, பேருக்கு உறுப்பினரா இருக்க நம்ம சீனியர் அக்காங்களுக்கு இது சரியா வரும்னு எனக்குத் தோணுது. ஆனா கல்லு வாங்கக் காசு வேணும், காசு எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால அஜெண்டால கடைசில போட்டுருக்க வரவு செலவ இப்பயே எடுப்போம். பொருளாளரு அக்கா, மைக்க வாங்கிக்கங்க. சந்தால இருந்து ஆரம்பிங்க, நிதானமா வாசிங்க, ஜெர்ஸி வாங்குன பில்லு எங்கன்னு நானே கேக்கப் போறேன். பிரியாணி எங்கயும் போகாது.