நீராழி மண்டபமும் கடல் மேடையும்

(மதுரையில் பொறியியல் மாணவர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். தம்பிகளே, தங்கைகளே, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நடுவில் நீராழி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், மோதாது. அரபிக்கடலின் எண்ணெய் வயலான மும்பை ஹையில் ஏறக்குறைய 75 மீட்டர் ஆழத்தில் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரும்புக் குழாய்களைப் பின்னிய கால்கூடான ஜாக்கெட், அதைப் பிடித்து நிறுத்தக் கடல் தரையில் அறைந்த தூண்களான பைல்கள், மேலே ஆட்களும் கருவிகளும் இருக்கும் தளமான டெக். குழாய்களுக்கு நடுவே அலை புகுந்து போய்விடும். டெக்கில் அதற்கு வழி கிடையாது. ஆகவே டெக்கை அலை எட்டவே கூடாது. அலை முகட்டுக்கும் டெக்கின் அடிப்பாகத்துக்கும் நடுவில் விடும் வெற்றிடத்தை ‘ஏர் கேப்’ என்பார்கள். இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

அந்த வெற்றிடம் கிடைக்க டெக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது? ஒரு புயலில் வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் சுமார் ஆயிரம் அலைகள் கடக்கும். அவற்றில் மிகப் பெரியது அதைப்போல் 1.86 மடங்கு, அதாவது 15 மீட்டர் வரும். பெரிய அலையின் முகடு கூர்ந்தும் பள்ளம் விரிந்தும் இருப்பதால் பாதிக்கு மேல், ஏறக்குறைய 9 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேலே எழும். ஓதத்துக்கு 2, புயல் தள்ளிக்கொண்டு வரும் நீருக்கு அரை, கைக்காவலாக விடும் வெற்றிடம் 1.5. ஆக, டெக்கின் அடிப்பாகம் நீர்மட்டத்துக்கு மேல் மொத்தம் 13 மீட்டர். எண்கள் உதாரணத்துக்கு, முறை இதுதான். இன்னொரு நுணுக்கம்: கணக்கு ஒரு புள்ளிக்கு, டெக்கோ பரந்து கிடப்பது. மாசி வீதியில் நம் பக்கத்தில் நிற்பவர்களில் உயரமானவர் வேறு, வீதி முழுக்கத் தேடினால் கிடைக்கும் உயரமானவர் வேறு, இல்லையா?

சரி, முகடு எட்டிவிட்டால்? டெக் முகப்பு 40 மீட்டர் அகலம். அலை 1 மீட்டர் மட்டும் நனைக்கிறது, தண்ணீரின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், பரப்பு, சாமான்கள் நெருக்கமாக அடைந்த டெக்குக்கு உரிய கெழு 2.5. பெருக்கினால் 51 லட்சம் நியூட்டன், சுமார் 520 டன். அது விழுவதோ உச்சியில். 75 மீட்டர் ஆழத்தோடு 13 மீட்டரைக் கூட்டி, தரையிலிருந்து 88 மீட்டர் நெம்புகோலில் விழுகிறது என்று பாருங்கள். கூடுதலாக 1 மீட்டர் ஏறினால் விசை இரட்டிக்கும். டெக்கைத் தொடாத வரை சுமை மெல்லத்தான் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டதும் ஒரே தாவல். காலில் இரும்பைக் கூட்டுவதைவிட டெக்கை 1 மீட்டர் தூக்குவதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதிலும் மோசம், உடையும் அலை. ஆழ்கடலில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 12 நொடி இடைவெளி உள்ள அலை நொடிக்கு 18.7 மீட்டர் வேகத்தில் ஓடும். உடையும்போது முகட்டுத் தண்ணீரும் அதே வேகத்தைப் பிடிக்கும். அறையாமல் வெறுமனே அழுத்தினாலே சதுர மீட்டருக்கு 18 டன். தட்டையாக அறைந்தால் ஒரு கணத்துக்கு அதுவே பல மடங்கு.

1995 ஜனவரி 1 அன்று வட கடலில் டிராப்னர் மேடையிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலையைப் பதிவு செய்தது. அதன் முகடு மட்டும் 18.5 மீட்டர். அப்போது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி 12 மீட்டர்தான். இரு மடங்கைத் தாண்டியதால் அது ராட்சத அலை. பிரதான டெக் தப்பியது. அதன் கீழே தற்காலிகமாக வைத்த சில பொருட்களுக்கு மட்டும் சிறு சேதம்.

மிதக்கும் மேடையில் சிக்கல் வேறு மாதிரி. மேடையே சாய்ந்தாடுவதால் முன்பக்கம் தாழும்போது ஏர் கேப் கரைந்துவிடும். 2015 டிசம்பர் 30 அன்று நார்வேக் கடலோரம் ஒரு மிதக்கும் ரிக்கின் (துளையிடும் மேடையின்) முகப்புச் சுவரை அலை நேராக அறைந்தது; ஜன்னல்கள் உடைந்தன, ஒருவர் இறந்தார். 1982 பிப்ரவரியில் கனடாவின் நியூஃபவுண்ட்லாண்டுக்கு அப்பால் ஓஷன் ரேஞ்சர் ரிக் மூழ்கியதும் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னலில் தொடங்கியதுதான். அதன் இரும்பு மூடியைச் சாத்தவில்லை. கண்ணாடி உடைந்து ரிக்கைச் சமநிலையில் வைக்கும் நீர்த்தொட்டிகளின் (பேலஸ்ட்) கட்டுப்பாட்டு அறைக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது, மின்பலகை பிசகியது. வால்வுகளைக் கையால் இயக்கப் பித்தளைக் கம்பிகளைச் செருகிப் பார்த்தார்கள். ரிக் முன்பக்கமாக இன்னும் சாய்ந்தது. 84 பேரும் போனார்கள். மூடியைச் சாத்த ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

பழைய மேடைக்கு என்ன செய்யலாம்? வட கடலின் எக்கோஃபிஸ்கில் எண்ணெய் எடுக்க எடுக்கக் கடல் தரையே இறங்கியது. 1987-ல் கால்களை அறுத்து, ஹைட்ராலிக் ஜாக்கால் டெக்கை 6 மீட்டர் தூக்கி, நடுவில் புதுத் துண்டை வைத்தார்கள். எல்லாருக்கும் அந்தச் செலவு கட்டாது. பயன்படாத குழாய்களைக் கழற்றலாம், காலில் அப்பிய சிப்பியையும் பாசியையும் சுரண்டலாம், கீழ்த் தளத்தில் தகட்டை எடுத்துக் கிரேட்டிங் (இடைவெளி விட்ட கம்பித் தளம்) போடலாம். கிரேட்டிங் தண்ணீரைக் கடத்தும். ஆனால் கிளிப் தளர்ந்திருந்தால் அடியிலிருந்து வரும் தண்ணீர் அதைப் பெயர்த்துத் தூக்கிவிடும்.

புயல் ஓய்ந்தபின் ஆய்வுக்குப் போகிறவர் முதலில் டெக்கின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். வளைந்த கேபிள் தட்டு, காணாமல் போன கிளிப், நசுங்கிய கைப்பிடிக் குழாய் எல்லாவற்றின் உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முகடு எதுவரை ஏறியது என்று காட்டும் அளவுகோல், பல மேடைகளில் அந்த வளைசல் ஒன்றுதான்.