அரசின் கடன் ஏலமும் உங்கள் சேமிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை சுமார் 15.69 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம். அதே பட்ஜெட்டில் வட்டி கட்ட ஒதுக்கியது 12.76 லட்சம் கோடி. சதவீதத்தை விட்டுவிட்டு இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பற்றாக்குறையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பழைய கடனின் வட்டிக்கே சமம்.

பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு வாங்கும் கடனை யார் கொடுப்பது? முன்பெல்லாம் கையில் காசு குறைந்தால் மத்திய அரசு தற்காலிக டிரஷரி பில்களை, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களை, ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் எடுத்துக்கொண்டது. 1997 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம், 2006 ஏப்ரல் முதல் புதுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி அரசிடமே வாங்குவதையும், விதிவிலக்கான சூழல் தவிர, தடுத்துவிட்டது. அதனால் இப்போது ஏலம்தான். மத்திய அரசின் பத்திரங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் பத்திரங்கள் செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு வரும். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி எல்லாம் கேட்கும். மயிலாப்பூர் வங்கிக் கிளையில் நீங்கள் டெபாசிட் போடும் பணமும் இதில் சேர்த்திதான். வங்கிகள் தங்கள் வைப்புகளில் குறைந்தது 18 சதவீதத்தை அரசுப் பத்திரம், தங்கம், ரொக்கம் என்று வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் அது பெரும்பாலும் பத்திரமே.

ஏலம் முடிந்த பத்திரங்களைச் சந்தையில் வாங்க ரிசர்வ் வங்கிக்குத் தடை இல்லை. 2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஒரு லட்சம் கோடிக்கு வாங்குவதாக முன்கூட்டியே அறிவித்தது. கொரோனா காலத்தில் அது தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஆனால் பற்றாக்குறை பெருகும்போதெல்லாம் இப்படி வாங்கி, பத்திரங்களுக்குக் கிராக்கியைக் கூட்டி, வட்டியை அமுக்கி வைத்தால், டெபாசிட் வட்டி விலைவாசி உயர்வுக்குக் கீழே போய்விடும். வட்டியை நம்பி வாழும் ஓய்வூதியர்தான் அந்தச் செலவை ஏற்கிறார். இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இனி பத்திரத்தை நேரடியாக வாங்க நினைப்பவர்களுக்கு. 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் 'ரீட்டெயில் டைரக்ட்' இணையதளத்தில் பான் எண், சேமிப்புக் கணக்கு, கைபேசி எண், மின்னஞ்சல் இருந்தால் கட்டணமின்றிக் கணக்கு தொடங்கலாம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய். ஏலத்தில் விலை கேட்கத் தெரிய வேண்டியதில்லை. தொகையை மட்டும் சொன்னால் போதும், ஏலத்தில் அமைந்த சராசரி விலைக்கே கிடைக்கும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அரசு உத்தரவாதம் என்பது வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும்தான். இடையில் விற்கும் விலைக்கு இல்லை. 7 சதவீத வட்டியில் பத்தாண்டுப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதமானால், 7 சதவீதப் பத்திரத்தை யாரும் 100 ரூபாய்க்கு வாங்க மாட்டார்கள்; அதன் விலை ஏறக்குறைய 93 ரூபாய் 20 காசுக்கு இறங்கும். அரசு அதிகம் கடன் வாங்கப்போகிறது என்ற செய்தியே வட்டியை ஏற்றிவிடக்கூடும். சிறு தொகைக்கு உடனே ஆள் கிடைப்பதும் அரிது. ஆகவே இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம் என்றால் பத்தாண்டுப் பத்திரம் வேண்டாம். அந்தப் பணத்துக்கு 364 நாள் டிரஷரி பில் வாங்கி, முதிர்ந்ததும் மறுபடி போடுங்கள்.