பேயை விடப் பெரிய பயம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டவர் கொடுத்த தலைப்பு, 'மனதைக் குலைக்கும் படங்கள்'. பேய்ப் படங்களைப் பற்றியா என்று கேட்டேன். "அது உங்கள் இஷ்டம் சார், ஆனால் காலை நேரம், பசியாறிக்கொண்டே கேட்பார்கள், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்" என்றார். அதனால் இந்தப் பேச்சில் ரத்தம் கிடையாது. நடுவில் கொஞ்சம் சாக்லேட் வரும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர்கள் சிலர் சேர்ந்து அவ்வப்போது படம் போட்டுப் பார்ப்போம். சங்கம், பதிவு என்றெல்லாம் எதுவும் இல்லை. ஒருவருடைய டியூஷன் வகுப்பறை, ஒரு புரொஜக்டர், படம் முடிந்ததும் மாமாக் கடை என்கிற சாப்பாட்டுக் கடையில் தே தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், அவ்வளவுதான். அங்கே ஒரு நாள், "பாதியில் எழுந்துபோன படம் எது?" என்று பேச்சு வந்தது. நான் பேய்ப் படப் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்தேன். ஒருவர்கூடப் பேயைச் சொல்லவில்லை. டாக்சி ஓட்டும் நண்பர் 'விசாரணை' என்றார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் 'பரதேசி' என்றார். தாதியாக வேலை செய்யும் ஓர் அக்கா 'ராட்சசன்' என்றார். சரி, கொலைகாரன் படம்தானே, அந்தப் பொம்மைப் பெட்டிகளைப் பார்த்துப் பயந்திருப்பார் என்று நினைத்தேன். "பொம்மைப் பெட்டி வந்தபோது நான் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தேன். அந்த வாத்தியார் பிள்ளையைத் தனியாக நிறுத்துகிறான் பாருங்கள், அப்போதுதான் வெளியே போய்விட்டேன்" என்றார்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிற மெய்ப்பாட்டியலில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. அச்சம் எதிலிருந்து வரும் என்று அங்கே நான்கே நான்கு சொல்லியிருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் சினிமாக்காரர்கள் எப்போதும் விற்கிற சரக்கு. அணங்கு என்றால் பேய்ப் படம். விலங்குக்குச் சுறாவும் முதலையும் டைனோசரும் இருக்கின்றன. கள்வருக்குக் கொலைகாரனும் கடத்தல்காரனும். நான்காவது, தம் இறை. நமக்கு மேலே உட்கார்ந்து நம்மைக் காக்க வேண்டியவன். அவனிடமே வருகிற பயத்தைப் பேய்க்கும் புலிக்கும் பக்கத்தில் உட்கார வைத்தவருக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் இதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன், புலவர்கள் மன்னிக்கட்டும். வீட்டில் அப்பா, பள்ளியில் வாத்தியார், தெருவில் போலீஸ்காரர், தோட்டத்தில் கங்காணி, பசித்த நேரத்தில் சோறு போடுகிற உறவுக்காரர். நம்மை விட்டுப் போகாத படங்கள் பெரும்பாலும் இவர்களைப் பற்றியவை என்பது என் எண்ணம்.

சாக்லேட் என்றேன் அல்லவா? 1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலையில் ஓடுகிற ரத்தம் சாக்லேட் பாகுதான். கறுப்பு வெள்ளைப் படம், யாருக்குத் தெரியப்போகிறது? கொலை முக்கால் நிமிடம்கூட ஓடாது. அதற்குள் எத்தனையோ துண்டுக் காட்சிகள், கூடவே வயலின்களின் கிறீச்சல். கத்தி உடம்பில் இறங்குவதைப் பார்த்தோம் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பாலும் நம் மனதே அதை இறக்குகிறது. இன்னொரு வித்தையும் சொல்கிறேன். 2002இல் கான் திரைப்பட விழாவில் 'இர்ரிவெர்சிபிள்' என்ற பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்டபோது பலர் எழுந்து போனார்கள். படத்தின் முதல் அரை மணி நேரம் 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே ஓர் ஒலியை இயக்குநர் காஸ்பர் நோயே ஓடவிட்டிருந்தார். காதுக்குச் சரியாகப் பிடிபடாது, ஆனால் உடம்பு என்னவோ போல் ஆகும். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிற்றைக் கலக்குவது வேறு, மனதைக் கலக்குவது வேறு. வயிறு மறுநாள் சரியாகிவிடும்.

'மகாநதி' பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். 1994 பொங்கலுக்கு வந்த படம், சந்தான பாரதி இயக்கம், கமல்ஹாசன் நடிப்பு. கல்கத்தாவில் பாலியல் தொழிலில் சிக்கிய மகளை அப்பா மீட்டுக்கொண்டு வந்தாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் படுத்திருக்கிறார்கள். தூக்கத்தில் அந்தப் பெண் ஏதோ உளறுகிறாள், அப்பாவின் காதில் விழுகிறது. நடப்பது அவ்வளவுதான். ஒரு துளி ரத்தம் இல்லை. ஆனாலும் இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்க மாட்டேன் என்று சொல்கிற பல அப்பாக்களை எனக்குத் தெரியும். பிள்ளையைக் காக்க முடியாமல் போன அப்பா என்கிற நினைப்பையே அவர்களால் தாங்க முடியவில்லை.

இப்போது டாக்சி நண்பர் சொன்ன 'விசாரணை'. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூரில் போலீஸ் பிடித்துவைத்திருந்தபோது தான் பட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தியேட்டர்களுக்கு வந்தது. ஆந்திராவுக்குப் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்கள் பூங்காவில் தூங்குகிறார்கள், பகலில் கடையில் வேலை. ஒரு நாள் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். என்ன கேட்கிறார்கள் என்றுகூட முதலில் அவர்களுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அடி தெலுங்கில் விழுகிறது. அப்புறம் ஒரு தமிழ்ப் போலீஸ் அதிகாரி வந்து அவர்களை வெளியே கொண்டுவருகிறார். நம் மொழி பேசுகிறவர் வந்துவிட்டார், இனி பயமில்லை என்று நாமும் மூச்சு விடுகிறோம். படம் அங்கே முடிந்திருந்தால் அது கள்வர் வகை அச்சம். முடியவில்லை. இரண்டாம் பாதியில் நம் மொழி பேசுகிற அதே இடத்தில்தான் கதை முடிகிறது, எப்படி என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து பார்க்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நாம் சாப்பிடப் போகிற கடைகளில், பின்னால் பாத்திரம் கழுவுகிற பையன் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்திருப்பான். கடப்பிதழ் முதலாளியிடம் இருக்கும். ரோந்துக் கார் தெருவில் நுழைந்தால் அவன் முகம் மாறும். டாக்சி நண்பர் எழுந்துபோனதற்குச் சொன்ன காரணமும் இதுதான்: "நான் தினம் பார்க்கிற பையன்கள் மாதிரியே இருந்தார்கள், அண்ணே." காவலில் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நம் தமிழ் நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துப் பெரியவரின் 'பரதேசி'க்கு வருவோம். 2013இல் பாலா எடுத்தது. பால் ஹாரிஸ் டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவலைத் தழுவியது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கக் கங்காணி கிராமத்துக்கு வருகிறார். பேச்சு இனிக்கிறது, முன்பணம் கிடைக்கிறது, ஊரே கிளம்புகிறது. போனவர்களால் திரும்ப முடியவில்லை. கணக்கில் கடன் ஏறிக்கொண்டே போகிறது, ஓடுகிறவனுடைய காலை வெட்டுகிறார்கள். சென்னையில் பார்த்தவர்களுக்கு இது சரித்திரப் படம். நமக்கு அப்படியில்லை. மலாயாவுக்கும் கங்காணி முறையில்தான் ஆயிரமாயிரமாகக் கொண்டுவந்தார்கள், 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகாத நாளில் சம்பளம் போகும், துரைக்கு முன்னால் நின்று பேச முடியாது என்றெல்லாம் நம் தாத்தா பாட்டி சொன்ன கதைகள் இருக்கின்றனவே. படத்தின் கடைசியில் நாயகன் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருக்கிறான். கீழே தோட்டத்துக்குப் புதிதாக ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் மனைவி பிள்ளையோடு நடந்து வருகிறாள். பெரியவர் அதுவரை தாக்குப்பிடித்திருக்கிறார், அந்த இடத்தில்தான் எழுந்திருக்கிறார். கங்காணியும் நம் ஊர்க்காரர், நம் மொழி, சில வீடுகளில் மாமன் முறை. வெள்ளைக்காரத் துரை மேல் வந்த கோபத்தைவிட அதுதான் தனக்கு உறுத்தியது என்றார்.

பாலாவின் படங்கள் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பார்க்கிறவரை நொறுக்கவே சில காட்சிகளை இழுக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் அந்தப் பாறைக் காட்சியில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு ஜப்பானியப் படமும் உண்டு, 'மின்மினிகளின் கல்லறை' என்று தமிழில் சொல்லலாம். இசாவோ தகஹாத்தா இயக்கிய கார்ட்டூன் படம், 1988இல் வந்தது. கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அவதிப்பட்ட பெற்றோர் உலகமெங்கும் உண்டு. 1945இல் கோபே நகரில் குண்டு விழுகிறது. தாயை இழந்த ஒரு பையனும் நான்கு வயதுத் தங்கையும் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த அம்மாள் கொடுமைக்காரி இல்லை. ஆனால் அரிசி குறையக் குறையச் சோற்றை அளக்கிறார், குத்திக் குத்திப் பேசுகிறார். பையன் ரோஷப்பட்டுத் தங்கையோடு வெளியேறுகிறான். அதற்குப் பிறகு பசி பார்த்துக்கொள்கிறது.

என் பெரியம்மாவோடு இதைப் பார்த்தேன். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த பிள்ளை அவர். அவருடைய அப்பாவை, ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அந்தப் பாதை 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்கிறது ஒரு மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அதே பாதையை வைத்து 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' ஏழு ஆஸ்கர் வாங்கியது, விசிலடித்துக்கொண்டே கைதிகள் அணிவகுத்து வருவார்கள். அதில் ஒரு தோட்டத் தமிழன் முகம்கூட என் நினைவில் இல்லை. எனக்கு அது பேய்ப் படத்தைவிட மோசமான அனுபவம், ஆனால் அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். பெரியம்மாவுக்கு ஜப்பான்காரன் படம் பிடிக்காதோ என்ற தயக்கத்தோடுதான் போட்டேன். அவர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். அந்த உறவுக்காரப் பெண்மணியைப் பார்த்து, "ஏன்டி, பிள்ளைக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்தினா குறைஞ்சா போயிடுவே?" என்றார். ஜப்பானியப் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த இடத்தில் பெற்றோர் வழக்கமாகக் கேட்பது: எந்த வயதில் எதைக் காட்டலாம்? நம் தணிக்கை வாரியம் 2023இல் வகைகளை மாற்றியது. இப்போது யு, பி12, 13, 16, 18 என்று ஐந்து. முன்பு ஒரு காலத்தில் 18எஸ்ஜி என்று பயங்கரத்துக்கும் வன்முறைக்கும் தனி முத்திரை இருந்தது நினைவிருக்கலாம். வாரியம் பார்க்கிறது ரத்தம், படுக்கையறை, மதம், குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கிடைத்ததா என்பது. 2016இல் 'கபாலி' இங்கே ஓடியபோது, கடைசியில் அவர் போலீஸில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்துப் போட்டார்களே! ரஜினியே ஆனாலும் நம் ஊரில் சரணடைய வேண்டும். சோற்றை அளந்து போடுகிற அத்தைக்கு எந்த முத்திரை குத்துவது? அதை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வருகிற படத்துக்கு வாரியத்தின் கத்திரியும் கிடையாது.

அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் குழந்தைகளின் திரைப் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு உருவம்தான் பயம், கோரப் பல்லும் பச்சைத் தோலும். "இது நிஜமில்லை கண்ணு" என்று அவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. மடியில் வைத்துக்கொண்டு குடிக்க ஏதாவது கொடுத்தால் அடங்கும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் தலைகீழ். பேயைப் பார்த்துச் சிரிப்பார்கள், 'நமக்கும் இப்படி நடக்குமோ' என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். பெரியவர்களிலும், வீட்டில் அடி வாங்கியவருக்கு அடி விழுகிற காட்சி வெறும் காட்சி இல்லை. எழுந்து போகிறவரைக் கிண்டல் செய்யாதீர்கள். இப்போது அப்படி ஒரு வீட்டில் இருக்கிறவர்கள் 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

கடைசியாக நம் நாட்டுப் படம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', 2015 டிசம்பரில் வந்தது, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பங்கள், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்ற 12 வயதுப் பையன். குண்டர் கும்பல் கதை என்று நினைத்துப் போகிறவர்களை முதலில் தாக்குவது அப்பா கையில் இருக்கிற பிரம்புதான். அந்த அப்பா கெட்டவர் இல்லை. மகன் படித்து மேலே வரட்டும் என்றுதான் அடிக்கிறார். எங்கள் டியூஷன் அறையில் இதைப் போட்டபோது ஓர் அப்பா, "எங்கப்பா இதைவிட அடிச்சார், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். பக்கத்தில் இருந்த மகன் எதுவும் சொல்லவில்லை. வாக்குவாதம் மாமாக் கடை வரைக்கும் போனது, தீரவில்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இதைப் பார்க்கலாமா என்று கேட்டால், இடைநிலைப்பள்ளியில் படிக்கிற பிள்ளை தாராளமாகப் பார்க்கலாம் என்பேன். ஒரே நிபந்தனை, நீங்களும் பக்கத்தில் உட்கார வேண்டும், பிரம்பு வருகிற காட்சியில் கைப்பேசியை எடுக்கக் கூடாது. நன்றி, வணக்கம்.