தொப்பி ஊசியும் டயக்னாஸ்டிக் கருவியும்

(வாகனப் பழுதுபார்ப்போர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே, மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்களே, அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல்வர் அவர்களே, உதிரிபாக வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, வரவேற்புரையிலேயே எனக்குரிய நேரத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்ட அருமை நண்பர் பொருளாளர் அவர்களே (சிரிப்பு), கையில் கிரீஸ் காயுமுன் வந்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீசியன் தோழர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வாளர் அவர்கள் எஃப்.சி. என்ற வாகனத் தகுதிச் சான்று வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். முதல்வர் அவர்கள் மாணவர்களை வேனில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார்கள். இரண்டும் எளிதல்ல, சங்கத்தின் சார்பில் நன்றி. அலுவலர் அவர்கள் நாலு மணிக்குப் புறப்பட வேண்டும் என்றார்கள். அதனால் ஒன்றை முதலிலேயே காதில் போட்டு வைக்கிறேன்: நான் எந்தக் காரைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ரிப்பேர் மேனுவலில் வந்துதான் நிற்பேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பு 'மெர்சிடிஸ் பென்ஸ்: வரலாறும் வளர்ச்சியும்'. இதை ஐந்தாகப் பிரித்து வந்திருக்கிறேன். பிறப்பு, பெயர், போர், பாதுகாப்பு, பந்தயம். நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. தேர் எத்தனை அடி உயரம் என்பது வேடிக்கை பார்க்கிறவன் கேள்வி. ஆணி இருக்கிறதா என்பது தச்சன் கேள்வி. நான் தச்சன் பக்கம் நின்று பேசுகிறேன்.

1886 ஜனவரி 29. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பட்டறை வைத்திருந்த கார்ல் பென்ஸ், எஞ்சினில் ஓடும் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாள். காப்புரிமை எண் 37435. மூன்று சக்கரம், ஒரே சிலிண்டர், 954 சிசி. நிமிடத்துக்கு 400 சுற்று, முக்கால் குதிரைச் சக்தி. வீட்டு மிக்சிக்கு இன்று ஏறக்குறைய அவ்வளவு சக்தி இருக்கிறது! ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். போகப் போக ஊற்ற வேண்டும். எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரும் பிற்காலத்தில் நாம் பார்த்ததுபோல் இல்லை. எரிபொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைத்தான் எஞ்சின் இழுத்துக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல். லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும், கனமானது அடியில் தங்கிவிடும். தொட்டியில் எரிபொருள் இருக்கும், ஆனால் எஞ்சினுக்கு இழுவை இருக்காது.

வண்டி செய்தாயிற்று, வாங்கத்தான் ஆளில்லை. இங்கேதான் பெர்த்தா அம்மாள் வருகிறார். கார்லின் மனைவி. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி, கார்லோடு ஒத்துப்போகாத கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்கிப் பட்டறையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் இவர். சீதனத்தில் நகை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம், பட்டறை வாங்கியவர் இந்த அம்மாள்! (கைதட்டல்)

1888 ஆகஸ்ட். ஒருநாள் விடியற்காலை கணவரிடம் சொல்லாமல் வண்டியை வெளியே தள்ளுகிறார்கள். கூடவே இரண்டு மகன்கள். ஓய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகிறார்களாம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதுவரை அந்த வண்டி பட்டறையைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. பாதை என்பது குதிரை வண்டித் தடம்.

முதலில் எரிபொருள். அந்த வண்டி ஓடுவது லிக்ராயினில். துணிக்கறை போக்க மருந்துக்கடையில் புட்டியில் விற்கும் சரக்கு. வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் நிறுத்தி வாங்கினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் எங்கள் ஊர் மருந்துக்கடைதான் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மார்தட்டுகிறார்கள். கறை போக்குவதற்கு இவ்வளவா என்று கடைக்காரர் திகைத்திருப்பார் என்பது என் கற்பனை.

அடுத்து எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. ஃபில்டர் இல்லாத காலம், தூசு போய் உட்கார்ந்திருக்கும். அம்மாள் தொப்பியிலிருந்த நீள ஊசியை உருவிக் குத்தி எடுத்தார். பிறகு இக்னிஷன் கம்பியின் உறை தேய்ந்து கரண்ட் கசிந்தது. கரண்ட் கசிந்தால் பிளக்கில் பொறி விழாது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். அதுதான் அன்றைய இன்சுலேஷன் டேப். செயின் தளர்ந்தது. புதுச் செயின் ஓட ஓட நீளும் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. புருக்சால் ஊரில் ஒரு கொல்லர் அதைச் சரிசெய்தார். மேட்டில் அம்மாளும் பெரியவனும் இறங்கித் தள்ளினார்கள். அந்த வண்டிக்கு இருந்த கியர் மேடு ஏறப் போதவில்லை. இறக்கத்தில் வேறு கஷ்டம்: பிரேக் என்பது சக்கரத்தின்மேல் அழுந்தும் மரக்கட்டை. உரசி உரசித் தேய்ந்து பிடிப்புப் போய்விட்டது. பவுஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவரிடம் போய் அந்தக் கட்டைமேல் தோல் வைத்து ஆணி அடித்துத் தரச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த இடம் செருப்புத் தைக்கும் கடை, தோழர்களே! (நீண்ட கைதட்டல்)

இருட்டும் வேளையில் தாய்வீடு சேர்ந்து, வந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி கொடுத்தார். இதில் சில விவரங்கள் பிற்காலத்தில் குடும்பத்தார் நினைவிலிருந்து சொன்னவை. ஊசிக்கெல்லாம் ரசீது கிடையாது. ஆனால் பயணம் நடந்தது, வண்டி திரும்பியும் வந்தது. அதன்பின் மேடு ஏறுவதற்கென்று தாழ்ந்த கியர் ஒன்றை பென்ஸ் சேர்த்தார். டிசைன் எப்படித் திருந்துகிறது பாருங்கள். சாலையில் வண்டி நின்று, யாரோ ஒருவர் குனிந்து பார்த்து, காரணத்தைச் சொன்னால்தான் திருந்தும். மருந்துக்கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர் மூவரும் இல்லையென்றால்? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

ஒரே கதையில் நேரம் போய்விட்டது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பெயருக்கு வருகிறேன்.

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கான்ஷ்டாட்டில் காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்ற இருவர் தனியாக எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள். டைம்லர் 1900 மார்ச்சில் இறந்துபோனார். அவர்கள் வண்டியைப் பிரான்சின் நீஸ் நகரில் செல்வந்தர்களுக்கு விற்றவர் எமில் யெல்லினெக். அவர் 36 வண்டிக்கு ஒரே ஆர்டர் கொடுத்தார், 5,50,000 தங்க மார்க்குக்கு. வேகமும் வேண்டும், கவிழவும் கூடாது, பெயர் என் மகள் பெயராக இருக்க வேண்டும் என்றார். மகள் பெயர் மெர்சிடிஸ். அந்தக் குழந்தைக்கு அப்போது வயது 10.

மேபாக் செய்த அந்த 35 குதிரைச் சக்தி வண்டியின் ரேடியேட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடுபோல் பற்ற வைத்தார். காற்று குழாய்க்குள் புகுந்து போகும், தண்ணீர் குழாய்களின் இடைவெளியில் ஓடும். 18 லிட்டர் தண்ணீர் கேட்ட இடத்தில் அதில் பாதி போதும் என்றானது. அந்த ரேடியேட்டர் இல்லையென்றால் அந்த எஞ்சினை வைத்திருக்கவே முடியாது, வழியிலேயே கொதித்து நின்றிருக்கும். மறுபடியும் அதே அச்சாணி! 1902இல் மெர்சிடிஸ் என்பது வணிகப் பெயராகப் பதிவானது. மூன்று முனை நட்சத்திரத்தைப் பதிவு செய்தது 1909இல். முதல் உலகப் போர், பணவீக்கம் எல்லாம் சேர்ந்து நசுக்கியபின், போட்டிக் கம்பெனிகளான டைம்லரும் பென்ஸும் 1926 ஜூனில் டைம்லர்-பென்ஸ் என்று ஒன்றாயின.

மூன்றாவது, போர். இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ஹிட்லர் ஆட்சியில் இந்தக் கம்பெனி ராணுவ லாரியும் விமான எஞ்சினும் செய்தது. 1944இல் அங்கிருந்த 63,610 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கட்டாய உழைப்பாளிகள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். பளபளக்கும் நட்சத்திரத்தின் வரலாற்றைப் பேசுகிறவர் இந்த வரியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

நாலாவது, பாதுகாப்பு. பேலா பாரென்யி என்ற பொறியாளர் 1951இல் ஒரு கருத்துக்குக் காப்புரிமை கேட்டார். முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவில் ஆள் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது. 1959இல் அது வண்டியாக வந்தது. டிங்கர் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மடிந்துபோன முன்பக்க நீள்சட்டத்தைச் சூடுகாட்டி நிமிர்த்திப் பட்டி பார்த்து விட்டால் பார்வைக்கு நேராக இருக்கும். ஆனால் இரும்பின் குணம் மாறிவிடும், அடுத்த மோதலில் அது எங்கே மடிய வேண்டுமோ அங்கே மடியாது. எந்தத் துண்டை வெட்டலாம், எங்கே வெல்டு வைக்கலாம் என்பது மேனுவலில்தான் இருக்கும். 1978இல் பாஷ் கம்பெனியோடு சேர்ந்து, திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். 1997இல் ஏ-கிளாஸ் என்ற சின்ன வண்டி, ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் சட்டென்று திருப்பியபோது கவிழ்ந்தது. உலகமே சிரித்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, எல்லா ஏ-கிளாஸிலும் வண்டி வழுக்கித் தடம் மாறாமல் பிடிக்கும் இஎஸ்பி வைத்துத் திரும்ப வந்தது. அந்த மானக்கேடு நடந்திருக்காவிட்டால் சின்னக் காருக்கு இஎஸ்பி இன்னும் தாமதமாகத்தான் வந்திருக்கும் என்பது என் கணக்கு.

இப்போது நம் பிழைப்புக்கு வருகிறேன். 1990களின் முற்பகுதிப் பென்ஸ் பெட்ரோல் எஞ்சின்களில் ஒயரிங் ஹார்னஸ், அதாவது ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு, பொடியாகும். ஒயரின் இன்சுலேஷன் எஞ்சின் சூட்டில் காய்ந்து முறுக்கு மாதிரி நொறுங்கும். அறிகுறி: ஐட்லிங் நடுங்கும், மிஸ்ஃபயர் ஆகும், சம்பந்தமில்லாத ஃபால்ட்டெல்லாம் காட்டும். பிளக்கை மாற்றுவார்கள், சென்சாரை மாற்றுவார்கள், போகாது. கனெக்டர் பக்கம் உறையைக் கொஞ்சம் விலக்கி ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள், செதில் உதிர்ந்தால் அதுதான். தெரியும் இடத்தில் மட்டும் டேப் சுற்றி அனுப்பாதீர்கள். உறைக்குள்ளே முழு நீளமும் அதே கதிதான், ஷார்ட் ஆனால் கன்ட்ரோல் யூனிட்டே போய்விடும். ஹார்னஸை மாற்றும்போது, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஆக்சுவேட்டரின் ஒயரையும் பாருங்கள், அதுவும் அதே சரக்கு. நூறு வருடம் கழித்தும் அதே இன்சுலேஷன் தொல்லை. அம்மாள் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். நாம் சுற்ற முடியாது.

இன்னொன்று எஸ்பிசி பிரேக். 2001இல் எஸ்எல் காரிலும் அடுத்த ஆண்டு இ-கிளாஸிலும் வந்தது. பெடலை மிதித்தால் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். சேமித்து வைத்த ஹைட்ராலிக் அழுத்தத்தைத் திறந்துவிட்டு அது பிரேக் பிடிக்கும். கோளாறானால் முன்சக்கர பிரேக் மட்டும் மிஞ்சும், பெடல் ஆழமாகப் போகும், முழுப் பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். 2004இல் 6,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பிறகு இ-கிளாஸில் அந்த முறையையே கைவிட்டார்கள். ஆனால் அந்த வண்டிகள் செகண்ட் ஹாண்டாக நம் வாசலுக்குத்தான் வரும். பேட் மாற்றப் போகும் தம்பி கேட்டுக்கொள்: பழுதறியும் டயக்னாஸ்டிக் கருவியால் சிஸ்டத்தைத் தூங்க வைக்காமல், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரில் கை வைக்காதே. யாராவது கதவைத் திறந்தாலே பம்ப் விழித்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளும். விரல் நசுங்கும். இப்போது சொல்லுங்கள், அந்தக் கருவி யாரிடம் இருக்கிறது? கம்பெனி டீலரிடம். நம்மிடம் இருப்பது விரல்! (கைதட்டல்)

இது பென்ஸ் ஒன்றின் குற்றம் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் பூட்டி வைத்தார்கள் என்பதற்காக. பென்ஸ் அந்தப் பட்டியலில் உண்டு, உள்நாட்டுக் கம்பெனிகளும் உண்டு. வழக்கு மேல்முறையீட்டில் இழுத்துக்கொண்டு போனது. ஜெர்மனியில் என்ன நிலைமை? அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ரிப்பேர் தகவலை வெளிப் பட்டறைக்கும் கொடுத்தாக வேண்டும். சும்மா இல்லை, கட்டணத்துக்குத்தான். நாமும் சும்மா கேட்கவில்லை.

நம் பெரியவர்களுக்கு பென்ஸ் என்றால் கார் இல்லை, லாரி. 1954 முதல் 1969 வரை டெல்கோ கம்பெனி டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் செய்த டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. முகப்பில் அந்த நட்சத்திரம். அதில் டீசல் லைனில் காற்று இறங்கினால் என்ன செய்வோம்? ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டு, அடித்துக்கொண்டே திருகை இறுக்குவோம். ஒரு ஸ்பேனர், பத்து நிமிடம், லாரி கிளம்பிவிடும். பாஸ்வேர்டு கேட்டதா அந்த லாரி? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றார்கள் முன்னோர். இன்று அச்சாணி இருக்கிறது, அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேறொருவர் வைத்திருக்கிறார்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ஐந்தாவதாகச் சொன்ன பந்தயத்துக்கு நேரமில்லை. கதவை மேலே தூக்கித் திறக்கும் 300 எஸ்எல் பற்றியும் பேச நினைத்திருந்தேன்; எஞ்சினை நிறுத்திய பிறகும் இன்ஜெக்‌ஷன் பம்ப் கொஞ்சம் பெட்ரோலைத் தள்ள, அது சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும் என்பது அருமையான பாடம். அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம்.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. கேட்பது மூன்றே: வயரிங் படமும் ரிப்பேர் மேனுவலும் நியாய விலைக்கு வேண்டும், பயிற்சி பெற்ற வெளிப் பட்டறைக்கும் டயக்னாஸ்டிக் உரிமம் வேண்டும், தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அப்படி ஒரு கருவியாவது வேண்டும். முதல்வர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். கையெழுத்தோடு பட்டறைப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், வெறும் கையெழுத்தை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். கிரீஸ் கைக்காரர்களுக்கு வேஸ்ட் துணியும் அங்கேயே வைத்திருக்கிறோம். வணக்கம்.