சீலியாவுக்கு வசனம் இல்லை

வணக்கம் நேயர்களே. சட்டக் கல்லூரியில் என் மாணவர்களை வைத்து ஒரு பழைய வழக்கை நடத்திப் பார்த்தேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், 1855. சீலியா என்ற அடிமைப் பெண், எஜமான் ராபர்ட் நியூசமைத் தடியால் அடித்துக் கொன்றுவிட்டாள். 14 வயதில் அவளை விலைக்கு வாங்கி, ஐந்து வருஷமாகப் பலவந்தப்படுத்தி வந்தவன் அவன்.

சீலியாவாக நடிக்க வந்த மாணவி, இரவெல்லாம் விழித்து நாலு பக்க வாக்குமூலம் எழுதியிருந்தார். "மடித்து வைத்துவிடும்மா" என்றேன். வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்ல அன்றைய சட்டத்தில் இடமில்லை. அவள் சொன்னதாக மற்றவர்கள் சொன்னதுதான் சபை ஏறியது. ஜூரி நாற்காலிகளில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் எழுப்ப வேண்டியதாயிற்று. அன்றைக்கு 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள்.

இதில் ஒன்று பாருங்கள். அடிமை என்றால் சொத்து. மாடு மாதிரி வாங்கலாம், விற்கலாம். ஆனால் மாட்டின் மேல் யாரும் கொலை வழக்குப் போடுவதில்லை. கொலை என்று வந்ததும் அந்தச் சொத்து மனுஷியாகிவிட்டது. நீதிமன்றமே வக்கீல் வைத்துக் கொடுத்தது. அந்த வக்கீல் ஜான் ஜேம்சனும் ஒப்புக்கு வாதாடவில்லை. 'எந்தப் பெண்ணையும்' பலவந்தப்படுத்துவது குற்றம் என்று மிசௌரிச் சட்டத்தில் இருந்தது. எந்தப் பெண்ணும் என்றால் அடிமைப் பெண்ணும்தானே, மானத்தைக் காக்க அவள் அடித்திருக்கலாம் என்று ஜூரிக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். நீதிபதி வில்லியம் ஹால் மறுத்துவிட்டார். வழக்கே அந்த ஒற்றைச் சொல்லில்தான் தொங்கியது.

எங்கள் ஜூரி எடுத்த எடுப்பில் விடுதலை என்றது. ஹால் மறுத்ததைச் சொல்லி, மறுபடி தீர்ப்புக் கேட்டேன். கால் மணி நேரம் குசுகுசுப்பு. "சட்டப்படி பார்த்தால் சார்..." என்று எழுந்த ஜூரித் தலைவர் அதற்கு மேல் பேசவில்லை. அசல் ஜூரி அக்டோபர் 10 அன்று குற்றவாளி என்றது. டிசம்பர் 21இல் தூக்கு.

மணி அடித்த பிறகு அந்த மாணவி வந்தார். "இப்போது படிக்கலாமா சார்?"

வாங்கிப் பார்த்தேன். நம் ஊர் நீதிமன்ற வழக்கப்படிதான் ஆரம்பித்திருந்தார்: பெயர், சீலியா. வயது, 19. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு.

"தேடிப் பார்த்தேன் சார், எதிலும் இல்லை" என்றார்.