மரியாதைக்கு மதிப்பெண் கிடையாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"மரியாதை சம்பாதிக்க வேண்டியதா, கொடுக்க வேண்டியதா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் கால் மணி நேரம் 'சம்பாதிக்க வேண்டியதே' என்று முழங்கிவிட்டுப் போனார். நடுவில் ஒரு கேள்வி கேட்டார்: "அயோக்கியனுக்கும் யோக்கியனுக்கும் ஒரே மரியாதை என்றால், யோக்கியனாக இருந்து என்ன லாபம்?" கைதட்டல் பலமாக இருந்தது. நானே தட்டிவிட்டேன். அப்புறம்தான் நான் எந்த அணி என்பது நினைவுக்கு வந்தது.

நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் அவர் பேசியது மதிப்பைப் பற்றி. மரியாதையைப் பற்றி அவர் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

மதித்தல் என்றால் அளவிடுதல். மதிப்பீடு, மதிப்பெண் எல்லாம் அந்தக் குடும்பம். பரீட்சைத் தாளில் மதிப்பெண் போடுகிறோம். யாராவது 'மரியாதை எண்' போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நூற்றுக்கு அறுபத்தைந்து மரியாதை, இரண்டு மரியாதையில் தேறாமல் போய்விட்டான் என்று? மதிப்பு ஏறும், இறங்கும். நன்றாகப் பாடுகிறவர் மேல் கூடும், சொன்ன சொல் தவறுகிறவர் மேல் குறையும். அது சம்பாதிப்பதுதான், ஒப்புக்கொள்கிறேன். நடுவர் ஐயா, அந்த ஒரு மதிப்பெண்ணை எதிரணிக்கே போட்டுவிடுங்கள்.

மரியாதை என்ற சொல்லின் கதை வேறு. வடமொழியில் 'மர்யாதா' என்றால் எல்லை, வரம்பு, கரை. தமிழுக்கு வந்த பிறகும் அந்தப் பொருள் கழன்று விழுந்துவிடவில்லை. 'மட்டு மரியாதை' என்று சேர்த்துச் சொல்கிறோம். மட்டு என்றாலும் அளவுதான், எல்லைதான். இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சண்டையைக் கவனியுங்கள். "மரியாதையா போயிடு." "மரியாதை கெட்டுடும்." அடிக்கக் கை ஓங்குகிறவன் வாயில் எதற்காக அந்தச் சொல் வருகிறது? 'இதுவரை கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், இனித் தாண்டிவிடுவேன்' என்கிறான். அகராதியைப் புரட்டாமலே வேர்ப்பொருளைப் பிடித்து வைத்திருப்பவன் சண்டைக்காரன் ஒருவன்தான்.

ஆக, ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் ஒரு கோடு. அதைத் தாண்டாமல் நிற்க வேண்டியவன் நான். நான் நிற்பதை எதிரில் இருப்பவர் எப்படிச் சம்பாதிப்பார்?

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டீபன் டார்வால் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1977-இல் ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒருவரின் குணத்தையும் திறமையையும் எடைபோட்டு வருகிற மரியாதை ஒன்று. எதிரில் இருப்பது ஒரு மனிதர் என்பதை அறிந்து, அதற்கேற்ப என் நடத்தையைக் கட்டுப்படுத்திக்கொள்வது மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரெஸ்பெக்ட்' என்று ஒரே சொல் இருப்பதால் அவர் கட்டுரை எழுதிப் பிரிக்க வேண்டியிருந்தது. நமக்கு மதிப்பு, மரியாதை என்று இரண்டு சொற்கள் கைவசம் இருக்கின்றன. இருந்தும் எதிரணி குழப்பிக்கொண்டால் நான் என்ன செய்ய?

சொற்பொழிவு போதும், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் அப்பா கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று நாள் நினைவு இல்லை. பொதுப் பிரிவு. பகலில் ஒரு பணியாளர் வருவார். வாய் நிறைய 'ஐயா, ஐயா' என்பார். கண் மட்டும் கையிலிருக்கும் போனில் இருக்கும். 'ஐயா' என்றபடியே போர்வையை இழுத்துவிட்டுத் துணி மாற்றுவார், பார்வையாளர்கள் நிற்கும்போதே. இரவில் வருகிற செவிலியர் வேறு மாதிரி. எடுத்த எடுப்பில் ஒருமைதான். "தாத்தா, இந்தப் பக்கமா திருப்பப் போறேன். வலிக்கும், பொறுத்துக்கோ." ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் திரையை இழுத்து மூடுவார். வளையங்கள் சரசரவென்று ஓடும் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. மூடினாரா, கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா என்று விரலால் இழுத்து ஒருமுறை சரிபார்ப்பார். அப்புறம்தான் போர்வையில் கை வைப்பார்.

நினைவே இல்லாத மனிதரிடம் "வலிக்கும்" என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அப்பா நாற்பது வருடம் என்ன வேலை பார்த்தார், யோக்கியரா இல்லையா, எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இரவெல்லாம் எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருப்பார், இவரையும் சேர்த்துத்தான். அங்கே போனாலும் முதலில் திரைதான். எதிரணித் தலைவர் தேடிய 'அயோக்கியனுக்கும் மரியாதையா' என்ற கேள்விக்கு அந்தத் திரை பதில் சொல்லிவிட்டது. அந்த மனிதர் மேல் செவிலியருக்கு மதிப்பு இருந்திருக்காது, எனக்கும் இல்லை. மரியாதை மட்டும் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

லத்தீனில் 'ரெஸ்பெக்ட்' சொல்லின் வேருக்குத் திரும்பிப் பார்த்தல் என்று பொருள் சொல்வார்கள். போனைப் பார்த்துக்கொண்டே 'ஐயா' சொன்னவர் நினைவுக்கு வந்ததால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், சகோதரி, கொஞ்சம் சாமர்த்தியமாக வந்தார். "நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று தமிழே படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. ஆளுக்கேற்ற படி. அப்படியென்றால் மரியாதை தகுதியைப் பார்த்துத்தானே?" என்றார். தமிழில் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் எந்தப் படி என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. நாமாகப் பழகிக்கொண்ட ஏற்பாடு அது. 'அவர்' என்பது பலரைக் குறித்த சொல், ஒருவருக்குக் கொடுத்தோம். அதுவும் போதவில்லை என்று 'அவர்கள்' என்றோம். இன்னும் கொஞ்ச காலம் போனால் 'அவர்கள்கள்' வந்தாலும் ஆச்சரியமில்லை. நாளிதழைப் புரட்டினால் திருடன் 'ஓடினான்', பெரிய மனிதர் 'கைது செய்யப்பட்டார்'. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே வினைமுற்று சொல்லிவிடுகிறது! கடவுளை 'நீ' என்றுதான் பாடுகிறோம், அம்மாவைப் பலரும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறோம். சகோதரியின் படிக்கட்டில் இந்த இருவரும் எந்தப் படியில் உட்காருவார்கள்?

'மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு' என்று அவரே ஒரு பழமொழியையும் எடுத்துக் கொடுத்தார். நன்றி. அதில் முதல் சொல்லுக்கு அடுத்தது 'கொடுத்து'. இருவரும் 'முதலில் நீ சம்பாதி, அப்புறம் தருகிறேன்' என்று உட்கார்ந்திருந்தால், கொடுக்கல் வாங்கலை யார் தொடங்குவது?

இறந்தவருக்குச் செய்வதை 'இறுதி மரியாதை' என்கிறோம். அவர் இனி எதைச் சம்பாதிக்க முடியும்? எதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், பதினான்காம் பிரிவு: போர்க் கைதிகள் எல்லாச் சூழலிலும் தங்கள் உடலுக்கும் மானத்துக்கும் மரியாதை பெற உரிமையுடையவர்கள். நேற்று வரை நம்மைச் சுட்டுக்கொண்டிருந்தவன்! விசாரணையில் அவன் கட்டாயம் சொல்ல வேண்டியது பெயர், படைப்பதவி, பிறந்த தேதி, படை எண், அவ்வளவுதான். மரியாதை பெற என்ன தகுதி என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. இரண்டு உலகப் போர்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் எழுதியது இது. அவர்களைவிட எதிரணித் தலைவருக்குக் கோபம் அதிகமா என்ன?

கடைசியாக ஒரு கணக்கு. மரியாதை சம்பாத்தியம் என்றால், சம்பளம் கொடுக்கிற முதலாளி யார்? 'தகுதியைக் காட்டு, தருகிறோம்' என்று சொல்ல ஒருவர் மேலே உட்கார்ந்தாக வேண்டும். அந்தத் தகுதிப் பட்டியலை எழுதுகிறவரும் அவரே. 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் 'சுயமரியாதை' என்று பெயர். அந்தச் சண்டை இந்த முதலாளியோடுதான். 'முதலில் படித்துப் பதவிக்கு வா, பிறகு தலை நிமிரலாம்' என்று அது யாரையும் காக்க வைக்கவில்லை. சம்பாதித்தால்தான் உண்டு என்ற எதிரணியின் கட்சியில் சுயமரியாதை என்ற சொல்லுக்கு இடமே இல்லை. தனக்குத் தானே எப்படிச் சம்பளம் போட்டுக்கொள்வது?

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. இதோ முடித்துவிட்டேன், தீர்ப்பை உங்களிடம் விட்டுவிட்டு இறங்குகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நடுவர் ஐயா. நான் மேடை ஏறியபோது நீங்கள் பாதி எழுந்து, "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினீர்கள். அப்போது நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.